மாடக்கண்ணு அடித்த தண்ணீர்

வளைகுடாத் துறைமுகம் ஒன்றின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், முதலாளி கைவிட்டுப் போனதால் போட்ட நங்கூரத்தை எடுக்காமலே கிடந்த நஜ்மா என்கிற சப்ளை போட்டில், குடிதண்ணீர்த் தொட்டி அடிவரைக்கும் காய்ந்த பிறகும் சமையல்கட்டு அடிபம்பில் தண்ணீர் வந்தது என்பதை, அதிலிருந்து பிழைத்து வந்தவர்கள் யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. யார் அடித்தபோது எந்த ஊர்த் தண்ணீர் வந்தது, அதில் எது குடிக்க ஆயிற்று, எது கழுவ ஆயிற்று என்பதைத்தான் சொல்வார்கள்.

கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்கு அரிசியும் காய்கறியும் இரும்புச் சாமானும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த போட் அது. முதலாளி ஒருநாள் போனை எடுக்காமல் விட்டார், பிறகு அந்த நம்பரே இல்லாமல் போயிற்று. ஐந்து பேருடைய பாஸ்போர்ட்டுகளும் பூட்டிக் கிடந்த ஓர் அலுவலகத்துக்குள் இருந்தன. போட்டை ஆளில்லாமல் விட்டுவிட்டுக் கரை ஏறக் கூடாது, ஏறினால் பிடித்து உள்ளே வைப்போம் என்று துறைமுகம் சொல்லிவிட்டது. டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது, ஜெனரேட்டர் நின்றதால் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின் நின்றது, மின்விசிறி நின்றது, இரும்புச் சுவர்கள் பகலெல்லாம் தோசைக்கல்லாய்க் காய்ந்தன. தர்மத்துக்கு அரிசியும் தண்ணீர்க் கேனும் கொண்டுவந்து இறக்கிய ஒரு லாஞ்சு முதலில் அடிக்கடி வந்தது, அப்புறம் எப்போதாவது வந்தது, வெயில் ஏறிய மாதத்தில் அரிசி மூட்டையை மட்டும் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

கேப்டன் மோத்தா தூத்துக்குடிக்காரர், அறுபதை நெருங்கியவர், இதுதான் கடைசித் தடவை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர். எஞ்சின் டிரைவர் வகாப் ராமநாதபுரத்துக் கடற்கரையைச் சேர்ந்தவர். தணிகாசலம் எண்ணூர்க்காரன். ரீகன் குமரிக் கடற்கரையில் பிறந்தவன், பெண் நிச்சயமாகி நிற்கும்போது இங்கே வந்து மாட்டிக்கொண்டவன். மாடக்கண்ணு போட்டின் சமையல்காரன். திசையன்விளைக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டியிருக்கிற ஆலடிவிளை அவனுக்கு ஊர்.

கரண்டு போனால் உதவட்டும் என்று போட்டைக் கட்டும்போதே சமையல்கட்டில் ஓர் அடிபம்பு வைத்திருந்தார்கள். தொட்டித் தண்ணீரை அதால் அடித்து எடுத்து, பக்கத்தில் இருந்த இரண்டடுக்கு எவர்சில்வர் ஃபில்டரில் ஊற்றினால், மேலடுக்கில் நிற்கும் இரண்டு வெள்ளைக் கேண்டில்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். தொட்டி காய்ந்தபோது கடல் தண்ணீரையும் அதில் ஊற்றிப் பார்த்தார்கள். ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது என்பதை நாக்கில் வைத்துத் தெரிந்துகொண்டார்கள்.

தொட்டி காய்ந்தது மறந்துபோய், காலையில் எழுந்த பழக்கத்தில் பம்பைப் பிடித்து அடித்தவன் தணிகாசலம். கறுப்பாக, மேலே எண்ணெய் படர்ந்து, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு தண்ணீர் வந்தது. அவன் குனிந்து மோந்து பார்த்து, "இது எங்க தெரு போர் தண்ணிபா," என்றான். வகாப் எழுந்துவந்து அடித்தார். தெளிந்த தண்ணீர் வந்தது, வாயில் வைத்ததும் கரித்தது, அது தன் வீட்டுக் கொல்லைக் கிணறு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ரீகன் அடித்தபோது துரு நிறத்தில் குழாய்த் தண்ணீர் கொஞ்சநேரம் வந்து நின்றது. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாள் வந்தது, அவன் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் திறப்பார்கள். மோத்தா அடித்தபோது வெறும் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. அவருடைய தெருவில் குழாய் பல வருஷமாக அப்படித்தான். அவர் வெகுநேரம் அடித்துப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்டவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

கடைசியாக மாடக்கண்ணு பிடித்து அடித்தான். அந்த வெயிலில், அந்த இரும்புக்குள், பல் கூசும் குளிர்ச்சியோடு தண்ணீர் வந்தது, அதில் ஒரு வேப்பிலை மிதந்து வந்தது. செம்பில் பிடித்து முதலில் மோத்தாவிடம் நீட்டினான். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, கண்ணைத் திறக்காமல், "இது யாரு கிணறு வே?" என்று கேட்டார். ஆலடிவிளை வாழைத்தோட்டத்தில் அவனுக்கும் அவன் தம்பி செல்வலிங்கத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. உப்பு ஏறாத கிணறு என்பதால் அந்தத் தெருவே அதில்தான் குடிதண்ணீர் எடுத்தது.

அதற்குப் பிறகு போட்டில் ஓர் ஒழுங்கு வந்தது. வகாப் தண்ணீர் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆயிற்று. ரீகன் தண்ணீரில் அரிசி களைந்தார்கள். தணிகாசலத்தின் தண்ணீரை ஃபில்டரில் ஊற்றினால் கேண்டில் கரிக்கட்டையாகிவிடும், ஆனாலும் அவன் தன் பங்காக அடித்துத் தளத்தில் ஊற்றி இரும்பைக் குளிரவைத்தான். குடிக்க மாடக்கண்ணுவின் தண்ணீர். அவன் அடித்து ஊற்ற, மோத்தா கேண்டில்களைக் கழற்றித் தேய்த்துக் கழுவி மாட்டினார். அது கேப்டன் வேலை இல்லை, ஆனால் தன் கையில் காற்று மட்டும் வந்த வெட்கத்துக்கு அவருக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. சுற்றிலும் இதேபோல் கைவிடப்பட்டுக் கிடந்த போட்டுகளுக்குச் சேதி போயிற்று. ஓர் இழுவைப் படகிலிருந்து இலங்கைக்காரர்களும், உரு என்கிற ஒரு மரக்கப்பலிலிருந்து குஜராத்திக்காரர்களும் கேனைக் கட்டி இழுத்துக்கொண்டு நீந்தி வந்தார்கள், எப்படி வருகிறது என்று கேட்கவில்லை, குடித்தார்கள், நிரப்பிக்கொண்டு போனார்கள். மாடக்கண்ணுவின் வலது தோள் வீங்கிப்போயிற்று.

வகாப் ஒரு சிறு சோலார் பலகையைத் தளத்தில் சாய்த்து வைத்து, ஒரே ஒரு போனுக்கு உயிர் கொடுத்து வந்தார். வெள்ளிக்கிழமை மாடக்கண்ணுவின் முறை. அவன் மனைவி லிங்கக்கனி கிணறு இறங்குகிறது என்று சொன்னாள். நல்ல மழை பெய்த வருஷம், பக்கத்துத் தோட்டக் கிணறெல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி கிடக்கிறது, நம்முடையது மட்டும் இறங்குகிறது. கயிறு சும்மா தொங்கும்போதே தண்ணீர்மேல் வாளி விழுந்த மாதிரி குழி விழுவதைத் தெருப் பெண்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்றாள். மாடக்கண்ணு பம்பைப் பற்றிச் சொன்னான். மறைத்துச் சொல்ல அவனுக்குத் தெரியாது. அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க குடிச்சியளா?"

"குடிச்சேன்."

"அப்ப சரி," என்றாள் லிங்கக்கனி.

அவள் அதைத் தெருவில் சொன்னாள். அவளைக் கிறுக்கி என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் குழி விழுவதைக் கண்டவர்கள். எந்த நேரத்தில் அடிக்கிறான் என்று கேட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுத் தெரு அடங்கிக் கிடக்கும் நேரத்தில் அடித்துக்கொள்ளட்டும், அந்த நேரத்தில் இங்கே யாரும் வாளி இறக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அப்போது ஒருவர், நம்ம பிள்ளை குடிக்கட்டும், கூட இருக்கிறவர்களும் குடிக்கட்டும், ஊர் பேர் தெரியாத போட்டுக்கெல்லாம் நம்ம கிணறு எப்படிப் பாயும் என்று கேட்டார். ஐந்து பேருக்கு மட்டும் என்று லிங்கக்கனி போனில் சொன்னாள், மாடக்கண்ணு சரி என்றான்.

சரி என்றபடியே நிறுத்தவும் செய்தான். இழுவைப் படகுக்காரர்கள் வெறுங்கேனோடு வந்து நஜ்மாவின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாம் முறை அவர்கள் வரவில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் படகின் தளத்தில் ஒரு போர்வைக்குள் ஒருவரைச் சுற்றி வைத்திருந்ததை இங்கிருந்தே ஐந்து பேரும் பார்த்தார்கள். தண்ணீர் கேட்கும்போதெல்லாம் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்கிற ஒரு வயதான ஆள் அவர். மறுநாள் மாடக்கண்ணு தானே கூப்பிட்டு அவர்களுக்கு அடித்துக் கொடுத்தான், குஜராத்திக்காரர்களுக்கும் அடித்துக் கொடுத்தான், வீட்டில் சொல்லவில்லை.

கிணறு இறங்குவதை அதற்குப் பிறகு போனில் கேட்கத் தேவை இருக்கவில்லை. ஃபில்டரே சொல்லிற்று. முதலில் கேண்டில்மேல் பூசினாற்போல் செம்மண் படிந்தது. அப்புறம் மேலடுக்கின் அடியில் விரல் கனத்துக்குத் தேரி மணல் தங்கியது. அப்புறம் சுண்ணாம்புக் கல் பொடி வந்தது. கிணற்றின் அடியில் என்ன இருக்கும் என்று சின்ன வயதில் முங்கித் தடவிப் பார்த்தவன் அவன், ஒவ்வொன்றும் எந்த ஆழத்தில் கிடந்தது என்று அவனுக்குத் தெரியும். மோத்தா மணலைக் கொட்டாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தார், அது அவர்களுடைய மணல், கடலில் போடக் கூடாது என்றார்.

ஆலடிவிளையில் தெரு முகம் சுளித்துச் சடைக்க ஆரம்பித்தது. செல்வலிங்கம் கிணற்றை ஆழப்படுத்திவிடுகிறேன் என்று சொன்னான். அண்ணன் குடிப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம், கீழே ஊற்று இருக்கிறது, இன்னும் இரண்டாள் ஆழம் வெட்டினால் எல்லாருக்கும் ஆகும் என்று தெருவுக்குப் பதில் சொன்னவன் அவன்தான். நாளைக்கு விடிந்ததும் இறங்குகிறான், அவன் ஏறிவிட்டான் என்று நான் போன் பண்ணுகிற வரைக்கும் பம்பைத் தொடாதீர்கள், மணல் உறிஞ்சினால் கட்டுமானம் நிற்காது என்று லிங்கக்கனி சொன்னாள். தொட மாட்டேன் என்று மாடக்கண்ணு சொன்னான்.

மறுநாள் வானம் மஞ்சளாக விடிந்தது. பாலைவனத்துப் புழுதி கடலுக்கு மேல் இறங்கி, கரையை மறைத்து, பக்கத்துப் போட்டுகளை மறைத்து, சோலார் பலகைமேல் மாவு மாதிரி படிந்தது. போன் செத்துப்போயிற்று. முந்தின நாளிலிருந்தே வெயிலடித்துச் சுருண்டு கிடந்த ரீகனுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. இருந்த குடிதண்ணீர் அவனுக்கே தீர்ந்தது. வகாபின் உப்புத் தண்ணீரைக் கொடுத்தார்கள், கக்கினான். தணிகாசலம் தன்னுடையதை அடித்துத் துணியில் வடித்து ஃபில்டரில் இறக்கிக் கொடுத்தான், அதையும் கக்கினான். ரீகன் ஊரில் அன்று தண்ணீர் திறக்கிற நாள் இல்லை. அவன் கையைப் பிடித்துப் பம்பில் வைத்து அடித்துப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. உச்சிப்பொழுதில் அவனுக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. தோல் காய்ந்த பனையோலையாகி, கண் உள்ளே போய், கல்யாணப் பெண்ணின் பெயரைச் சொல்லிச் சொல்லி அதுவும் குழறிப்போயிற்று.

மாடக்கண்ணு எழுந்து பம்பின் பக்கத்தில் போய் நின்றான். வகாப் அவனுக்குக் குறுக்கே வந்தார்.

"ஒன் தம்பி உள்ளே நிக்கிறான். கைய எடு, மாடக்கண்ணு."

மாடக்கண்ணு மோத்தாவைப் பார்த்தான். மோத்தா ரீகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் அடின்னு சொல்ல மாட்டேன்," என்றார், "அடிக்காதன்னும் சொல்ல மாட்டேன். கேப்டனுக்கு இதுல அதிகாரம் கிடையாது வே."

இந்நேரம் சாப்பிட ஏறியிருப்பான் என்று மாடக்கண்ணு சொன்னான். இங்கே உச்சி என்றால் அங்கே சாப்பாட்டு நேரமே தாண்டிவிடும், கட்டாயம் ஏறியிருப்பான் என்று மறுபடி சொன்னான். வகாப் வழியை விட்டு விலகி, முகத்தை மூடிக்கொண்டார். மாடக்கண்ணு மெதுவாக, பச்சைப் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுகிற மெதுவில் அடித்தான். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கூழ் மாதிரி செம்மண் வந்தது, அதை வாளியில் பிடித்தார்கள். இன்னும் அடித்தபோது கல் உருண்டு தட்டுகிற சத்தம் குழாய்க்குள் எங்கோ தூரத்தில் கேட்டது, அதற்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. பிடித்ததை வேட்டியில் வடித்து ஃபில்டரில் ஊற்றினார்கள். கேண்டில் அடைத்து அடைத்து, மோத்தா கழற்றிக் கழற்றிக் கழுவி, சாயங்காலத்துக்குள் ஒரு செம்பு தேறியது. கரண்டியால் ஊட்டினார்கள். அது ரீகன் வயிற்றில் தங்கியது. முதலில் நாக்கு அசைந்தது, பிறகு கண் திறந்தது, பொழுது சாய்கிற நேரத்தில் நெற்றியில் வியர்வை பூத்தது.

மோத்தா கடைசியாகக் கேண்டிலைக் கழற்றியபோது அதைச் சுற்றி ஒரு நார் ஒட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் நார்க் கயிற்றிலிருந்து பிரிந்த பிரி. அவர் அதை மறைக்கப் பார்த்தார், ஆனால் மாடக்கண்ணு பார்த்துவிட்டான். ஆளை இறக்குகிற வடக்கயிற்றைத் தவிர அந்தக் கிணற்றில் நார்க் கயிறு போடுவதில்லை, வாளிக்கு நைலான்தான். அவன் அந்தப் பிரியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, புழுதி அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.

புழுதி அடங்கிப் போன் உயிர் பெற்றதும் லிங்கக்கனியே கூப்பிட்டாள். ஊற்றுக்கண் தெரிகிறது, அதை எடுத்துவிட்டே ஏறுகிறேன் என்று செல்வலிங்கம் சாப்பிட ஏறாமல் இருந்துவிட்டான். அடிமணல் ஓடி, சுற்றுச்சுவர் ஒரு பக்கமாக உள்ளே சரிந்தது. மேலே நின்றவர்கள் இழுத்த கயிறு அறுந்து வந்தது. மறுநாள்தான் எடுக்க முடிந்தது, அடக்கம் முடிந்துவிட்டது என்றாள். மாடக்கண்ணு அடித்ததைச் சொன்னான். ரீகன் கிடந்த கிடையையும் சொன்னான்.

"அடிச்சியளா," என்றாள் அவள், கேள்வியாக இல்லாமல். பிறகு, தங்கப்பழம் கூப்பிடுகிறாள், போக வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள். தங்கப்பழம் செல்வலிங்கத்தின் மனைவி.

அதற்குப் பிறகு மாடக்கண்ணு பம்பைத் தொடவில்லை, தொடு என்று யாரும் கேட்கவும் இல்லை. வகாபின் உப்புத் தண்ணீரையும் ரீகனின் துருத் தண்ணீரையும் கலந்து குடித்து, வயிறு ஊதி, சிறுநீர் எரிந்து, கிடந்தார்கள். பக்கத்துப் போட்டுக்காரர்கள் சேதி கேட்டு, கேன் இல்லாமல் நீந்தி வந்து, தளத்தில் மாடக்கண்ணுவுக்குப் பக்கத்தில் ஆளுக்குக் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வெயில் தணிந்த மாதத்தில் மாலுமிகளுக்காக வழக்குப் பேசுகிற யாரோ கரையில் பேசி, துறைமுகம் மனம் இறங்கி, ஐந்து பேரையும் விமானத்தில் ஏற்றி விட்டார்கள்.

ஆலடிவிளையில் கிணற்றைத் தூர்த்து மேலே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாடக்கண்ணுவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இளைத்துவிட்டாய் என்றார்கள், வாழைக்குக் காற்று அடித்ததைச் சொன்னார்கள். அவர்கள் அவனுக்குத் தண்டனை என்று ஒன்றும் வைக்கவில்லை, அந்த விஷயத்தைத் தங்கள் வாழ்க்கைக்குள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் வாளி இறக்கினாலும், இறக்கும் முன் உள்ளே எட்டிப் பார்த்து, "இறக்குதோம்," என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இறக்குகிற வழக்கம் வந்திருந்தது. எந்தத் தூரத்தில் எவன் குடித்துக்கொண்டிருப்பானோ என்றார்கள். கிணற்று வேலைக்கு ஆள் இறங்குகிற நாளில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிவிட்டே இறங்கினார்கள்.

தங்கப்பழம் மட்டும் அவனோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. அவன் எதிரே வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியதைச் செய்தான், அவள் தடுக்கவில்லை. ஒருநாள் காலையில் அவளாகவே வாசலில் வந்து நின்று, "அந்தப் பையனைப் பாக்கணும் அத்தான்," என்றாள்.

ரீகன் வந்தான். என்ன கொண்டுவருவது என்று தெரியாமல் வெறுங்கையோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்கிற வரைக்கும் நின்றான், உட்காரச் சொன்ன பிறகும் தயங்கினான். தங்கப்பழம் அவனைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி, கை காலையும் கழுத்தையும் கண்ணையும் பார்த்தாள். உடம்பு இப்போது தேவலையா என்று கேட்டாள். அம்மா இருக்கிறாளா, கல்யாணம் எப்போது என்று கேட்டாள். தை மாதம் என்று அவன் சொன்னான். மாடக்கண்ணு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். லிங்கக்கனி உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள், கஞ்சி வடிகிற சத்தம் வெளியே கேட்டது.

"அன்னைக்குக் குடிச்ச தண்ணி," என்றாள் தங்கப்பழம், "எப்படி இருந்துச்சு தம்பி?"

ரீகன் தலையைக் குனிந்துகொண்டான். இப்படிக் கேட்பாள் என்று பஸ்ஸிலேயே பயந்து, செம்மண் வாடை அடித்தது, தொண்டையில் இறங்கவில்லை, என்ன குடித்தேன் என்றே நினைவில்லை என்று அவன் சொல்லத் தயார் செய்து வைத்திருந்தான். அவள் காத்திருந்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், அந்தச் சொற்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"இனிப்பா இருந்துச்சுக்கா," என்றான்.

"இருக்கும்," என்றாள் தங்கப்பழம். முழங்காலில் கையூன்றி எழுந்து உள்ளே போய், அவனுக்கு இலை போட்டாள்.